ஐந்து ஆட்சியும் ஒரு பட்டுத் தலைப்பாகையும்

1

குமரேசா, வள்ளி,

போன புதன்கிழமை மத்தியானம் நம் கடையில் ஒரு பொய் சொன்னேன். அது குமரேசனைப் பற்றிய பொய். நாளைக்கு யாராவது அதை வேறு விதமாகத் திரித்துச் சொல்லி உங்கள் காதில் விழுவதைவிட நானே எழுதி வைத்துவிடுவது நல்லது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆரணியில் ஒன்பதாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன். தப்பு இருந்தால் சேகர் சித்தப்பாவின் பெண் திருத்திப் படிக்கட்டும். அவளும் அவள் தம்பியும்கூட இதைப் படிக்கலாம். பெரியப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் மாளிகையில் இருக்கிறார் என்று நினைக்கிற பிள்ளைகள் அவர்கள். படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நான் இருப்பது பர்மாவில். எந்த மாநிலம், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. உங்கள் பெயர்களைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யார் யார் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

குமரேசன் எதற்காக அப்பா அம்மாவை விட்டுவிட்டு ஆரணியில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது வீட்டுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே குடிமகன் அட்டை வைத்திருக்கும் வயசுப் பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவன் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருக்கக் காரணம் அவனிடம் அட்டை இருப்பது. அந்த அட்டையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நான். அவன் பிறந்த நாளிலிருந்து அலைந்து, மூன்று ஆட்சியைப் பார்த்து, கும்பிட்டு வாங்கிக் கொடுத்தேன். இப்போது நடப்பது ஐந்தாவது.

2

நான் இங்கே வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. உங்கள் அம்மாவின் குடும்பம் அதற்கு முன்பே மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறது. மற்ற தமிழர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய காலத்தில் உங்கள் அம்மாவைப் பெற்றவரின் வீட்டார் ஏறவில்லை. அவர் எனக்குத் தூரத்து மாமன். பெண்ணுக்கு மாப்பிள்ளை வேண்டும், பட்டு தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று ஆரணிக்குக் கடிதம் போட்டார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் மூன்று பேர். தறி இரண்டு. ஒருவன் அதிகம். அந்த ஒருவன் நான்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் என் தம்பி சேகர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டான். "இன்னாண்ணா, மாப்பிள்ளையா போறியா, பார்சல்ல போறியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமனார் கடையில் சேலை இல்லை, வேட்டி இல்லை. தலைப்பாகை. பர்மாக்காரர்கள் கல்யாணத்துக்கும் பெரிய சடங்குக்கும் தலையில் வைத்துக்கொள்வது. நம் ஊர் முண்டாசு மாதிரி அப்போதைக்கு அப்போது சுற்றுவது அல்ல. தொப்பி போலத் தைத்து முடித்தது. உள்ளே மெல்லிய பிரம்புச் சட்டம், அதன்மேல் இளமஞ்சளோ ரோஜா நிறமோ பட்டுச் சல்லாத்துணி, வலது பக்கத்தில் ஒரு முனை மட்டும் காது மாதிரி எழுந்து நிற்கும். தலை அளவு சரியாக இருக்க வேண்டும். பெரிதாகப் போனால் புருவத்தில் வந்து உட்காரும். சிறிதாகப் போனால் கும்பிடக் குனியும்போது கீழே விழும். சபையில் தலைப்பாகை விழுந்தால் அதைவிட அவமானம் இங்கே இல்லை.

இன்னொன்றும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த நாட்டில் ஒரு மனிதனின் தலையைச் சும்மா தொடக் கூடாது. தொடுவதற்கு முன் "கடோ" என்று சொல்ல வேண்டும். மன்னிப்பும் கும்பிடும் சேர்ந்த சொல் அது. முடி வெட்டுபவரும் சொல்லிவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். வந்த முதல் வாரத்தில் எனக்கு இது தெரியாது. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் தலையில் திடீரென்று அளவு நாடாவைப் போட்டுவிட்டேன். அவனுடைய தாய்மாமன் பாதி டீயில் எழுந்து நின்றுவிட்டார். என் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை கடோ சொல்லாமல் நான் ஒரு தலையையும் தொட்டதில்லை.

அப்போது எங்கள் மாநிலத்தை ஆண்டது ராணுவ அதிகாரிகளின் குழு. முதலமைச்சர் கிடையாது, மந்திரி கிடையாது. அதிகாரிகளுக்குத் தொப்பியைப் பட்டாளமே கொடுத்துவிடும். எங்கள் கடைக்குக் கல்யாண மாப்பிள்ளைகளும் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர்களும்தான் வருவார்கள். ஆளுகிற தலை ஒன்றுகூட வந்ததில்லை.

அந்த ஆட்சியில்தான் குமரேசன் பிறந்தான். அம்மாவிடம் இருந்தது முழுக் குடியுரிமை இல்லாத இரண்டாம் தரத்து அட்டை. என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அட்டை இல்லாவிட்டால் மேல்படிப்பு இல்லை, அடுத்த ஊருக்கு பஸ் ஏறினால் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். குடியேற்ற அலுவலகத்தில் போய்க் கேட்டேன்.

"அப்பன் எந்த நாடு?"

"இந்தியா."

"அப்ப அங்க போய்க் கேளு."

மாமனாரும் அதைத்தான் சொன்னார். "இந்தியத் தூதரகத்துல புள்ளை பேரப் பதிஞ்சிடு மாப்ளே. நாளைக்கு ஒரு வழியா இருக்கும்." நான் பிடிவாதமாக மாட்டேன் என்றேன். பிறந்தது இங்கே, வளரப் போவது இங்கே. என்னை மாதிரி எங்கே போனாலும் ஒரு ஆள் அதிகமாக நிற்க வேண்டாம், இவன் ஒரு ஊருக்காவது சொந்தக்காரனாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பம். அதை யார் தலையிலும் போட மாட்டேன்.

3

ஆட்சி மாறுவது என்றால் என்ன என்று ஆரணியில் எனக்குத் தெரிந்தது வேறு. நான் தறியில் உட்கார்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஊர்க் கட்சிக்காரர் ஒருவர், மெட்ராசில் மந்திரிசபையை மாற்றப் போகிறார்கள், தனக்கு ஏதாவது பதவி நிச்சயம் என்று நம்பி எங்கள் அப்பாவிடம் ஒரு பட்டு வேட்டி சொன்னார். கட்சிக் கரை வைத்து நெய்யச் சொன்னார். பாதி நெய்திருக்கும்போது அவர் கட்சி மாறிவிட்டார். மறுநாள் காலையிலேயே வீட்டு வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

"அண்ணே, நெய்துகினு இருக்கறதுல கரைய மட்டும் மாத்திக் குடுங்க."

"கரை பாவுலயே ஏறிப்போச்சிங்க. நடுவுல எப்பிடி மாத்தறது?" என்றார் அப்பா.

"மேல் பாதி அந்தக் கரை, கீழ்ப் பாதி இந்தக் கரைன்னு முடிச்சிடுங்களேன். கட்டினா யாருக்குத் தெரியப் போவுது?"

"முடிக்கலாம்ங்க. இன்னொரு வாட்டி மாறனீங்கன்னா அத்தோட கிழிச்சி துண்டா போட்டுக்கலாம்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீ குடித்துவிட்டுப் போனார். எந்தக் கட்சியும் அவருக்குப் பதவி கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆரணியைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் ஒரு சான்றிதழுக்கு ஒன்பது நடை நடந்தவன்தான் நான். ஆனால் மந்திரிசபை மாறினால் கரைதான் மாறும். அதற்காக யார் வீட்டுப் பிள்ளையும் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு ஓடியதாக நான் கேட்டதில்லை.

4

குமரேசன் பள்ளிக்கூடம் போகிற வயதில் இங்கே இரண்டாவது ஆட்சி வந்தது. ஆட்கள் புதியவர்கள் இல்லை. அதே அதிகாரிகள் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பட்டுக் கைலி கட்டிக்கொண்டார்கள். எங்கள் மாநிலத்துக்கு முதல் தடவையாக ஒரு முதலமைச்சர், அவருக்குக் கீழே அமைச்சர்கள். சிவில் ஆட்சி என்றால் தலைப்பாகை வேண்டுமே. அரசு வண்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது.

ஒரு பெரிய அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கடோ, ஒவ்வொருவருக்கும் நாடா. எல்லார் நெற்றியிலும் தலைமுடிக்குக் கீழே ஒரு வெளுத்த கோடு. வருஷக்கணக்காகத் தொப்பி போட்ட தழும்பு அது. தலைப்பாகையை அந்தக் கோட்டை மறைக்கிற மாதிரி இறக்கித் தை என்று அவர்களில் ஒருவர் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். ஒரு நாற்காலிக்கு மட்டும் நான் அளவு எடுக்கவில்லை. பாதுகாப்புத் துறை அமைச்சர் நாற்காலி. அதற்கு எந்த ஆட்சியிலும் ராணுவமே நேராக ஒரு கர்னலை அனுப்பும். அவர் தொப்பியோடே வருவார், தொப்பியோடே போவார்.

அங்கேதான் எனக்கு ஒரு வழி புலப்பட்டது. நாடா சுற்றியிருக்கும்போது எவ்வளவு பெரிய மனிதனும் தலையை ஆட்ட மாட்டான். எழுந்து போக மாட்டான். அந்த அரை நிமிஷம் அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். குடியேற்றத்தைக் கவனிக்கும் அமைச்சரின் தலையில் நாடாவை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஐயா, என் மகனுக்கு அட்டை இல்லை. அவன் அம்மா இந்த நாட்டுக்காரிதான்."

"மனு கொடு, சயா." கைத்தொழில் தெரிந்தவனைச் சயா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த மரியாதைக்கு அப்போது மயங்கினேன்.

மனு கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் அமைச்சர் மாறியிருந்தார். "இது பழைய அமைச்சர் பேருக்கு எழுதினது. புது அமைச்சர் பேருக்கு எழுதிக்கொண்டு வா." எழுதிக்கொண்டு போனேன். அவரும் மாறினார். ஒவ்வொரு மனுவிலும் பிள்ளையின் போட்டோவை ஒட்டி, "மேற்படியான் என்னுடைய ஒரே மகன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு போட்டோவிலும் குமரேசன் கொஞ்சம் வளர்ந்திருந்தான். அந்தக் கட்டு இன்றைக்கும் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும்.

5

மூன்றாவது ஆட்சி ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்தது. இந்த ஆட்சியின் அமைச்சர்கள் நெற்றியில் கோடு இல்லை. ஒருவர் டாக்டர், ஒருவர் அரிசி வியாபாரி. குடியேற்றத்தைக் கவனித்தவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவர் வண்டி அனுப்பவில்லை. சைக்கிள் ரிக்‌ஷாவில் அவரே கடைக்கு வந்தார், மடியில் ஒரு பழைய தலைப்பாகையோடு.

"புதுசு வேண்டாம். இது என் கல்யாணத்துக்குத் தைத்தது. இப்போ பெரிசா இருக்கு. தலை சுருங்குமா, சயா?"

"தலை சுருங்காது ஐயா. முடி போயிடுச்சு."

சிரித்தார். நான் கடோ சொல்லி நாடாவைச் சுற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "சரி, கேளு. நாடா சுத்தினா நீ ஏதாவது கேட்பே என்று முன்னாடி இருந்தவங்க சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கேட்டேன். அவர் மறக்கவில்லை. ஆனால் அமைச்சர்தான் புதியவர், அவருக்குக் கீழே மேஜையில் இருந்தவர்கள் எல்லாம் பழைய ஆட்கள். அவர் மேலே தள்ளுவார், அவர்கள் கீழே இழுப்பார்கள். நாலு வருஷத்துக்கு மேல் இழுத்தது. குமரேசனுக்குப் பதினெட்டு முடிந்த பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். "சயா, கையெழுத்து ஆகிவிட்டது. பையனைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக்கொள்."

அந்தச் சந்தோஷத்தில் குமரேசனுக்கு நான் ஒரு தலைப்பாகை தைத்தேன். இளமஞ்சள். சல்லாத்துணிக்கு அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஆரணிப் பட்டுத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தேன். அது என் கல்யாண வேட்டியில் வெட்டியது. ஸ்டூடியோவில் போய் அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தோம். ஞாபகம் இருக்கிறதா?

"அப்பா, நான் எந்தத் துறை மந்திரிப்பா?" என்றான் குமரேசன்.

"சோத்துத் துறை," என்றாள் வள்ளி.

"கழட்டி வையுடா, கல்யாணத்துக்கு ஆவும்," என்றாள் அம்மா. கடையின் கண்ணாடி அலமாரியில் அது போய் உட்கார்ந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் போன் இல்லை, டிவி இல்லை. ராணுவம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வாத்தியாரை வீட்டு உடையிலேயே கூட்டிக்கொண்டு போனார்கள் என்று ரிக்‌ஷாக்காரன் வந்து சொன்னான். வெறும் தலையோடு போயிருக்கிறார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் எனக்கு நல்லது செய்தார். அவர் செய்த நல்லதுதான் என் பிள்ளையை மாட்டிவிட்டது. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை.

6

நான்காவது ஆட்சியில் மறுபடியும் உடுப்பு, மறுபடியும் தொப்பி. என் அளவு நோட்டில் பழைய அமைச்சர்களின் பெயரெல்லாம் இருந்தது. அந்தப் பெயர்களை வைத்திருப்பதே குற்றம் என்று பேச்சு வந்ததும் உட்கார்ந்து கத்தரிக்கோலால் பெயர்களை மட்டும் வெட்டி அடுப்பில் போட்டேன். இப்போது என் நோட்டில் தலைகள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை.

பட்டாளச் சட்டம் வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. அட்டை உள்ள பையன்களின் பெயரைப் பேட்டை அலுவலகத்தில் எழுதி, சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எங்கள் எதிர்வீட்டிலும் தமிழ்க் குடும்பம்தான். அந்தப் பையனுக்கு அட்டை இல்லை. அவன் அப்பா எந்த ஆட்சியிலும் எந்த மனுவும் கொடுக்காமல் சும்மா இருந்தவர். "உனக்கு இன்னாத்துக்குய்யா இந்த பேஜாரு" என்று என்னைக் கேலி செய்தவர். அவருடைய பையன் பெயரை யாரும் எழுதவில்லை. அவன் இன்றைக்கும் எங்கள் வாசல் வழியாக சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போகிறான். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டால் உங்கள் அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

அட்டையை வைத்து எடுத்த பாஸ்போர்ட்டில் குமரேசனை விமானம் ஏற்றிவிட்டோம். அவன் ஆரணி போய்ச் சேர்ந்த பதினைந்தாம் நாள் குலுக்கலில் அவன் பெயர் வந்தது. பேட்டை எழுத்தர் எங்கள் கடையில் கல்யாணத் தலைப்பாகை வாங்கியவர். பெயருக்குப் பக்கத்தில் "வெளியூர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். ஓடிப்போனவன் என்று எழுதியிருந்தால் வீட்டில் இருப்பவர்களை இழுத்துக்கொண்டு போவார்கள். அண்ணனுக்குப் பதில் வள்ளியையும் கேட்பார்கள் என்று பேச்சு. ஆகவே எங்கள் மூன்று பேரின் பிழைப்பும் அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. குமரேசன் இங்கே திரும்பி வந்தால் விமான நிலையத்தோடு சரி.

ஆரணியில் மட்டும் என்ன வாழ்கிறது? போன மாதம் சேகர் போனில் பொரிந்து தள்ளினான்.

"ண்ணா, உன் புள்ளைய இங்க தெருவுல பர்மான்னுதான் கூப்புடறானுங்க. கண்ணமங்கலத்துக்கு பஸ்ல போனா கண்டக்டரு இவங்கிட்ட இந்தியில பேசறான். விசாவுக்காவ போலீஸ் ஆபீசுல போயி போயி நிக்கிறோம். 'அப்பன் ஆரணின்ற, அப்பறம் நீ எப்பிடிப்பா வெளிநாட்டான்?'னு அந்த ஐயாவே கேக்கறாரு. நான் இன்னா சொல்லட்டும்?"

"சொல்லு. அவங்கப்பன் புத்திசாலின்னு சொல்லு."

 சேகர் குரலை இறக்கி, "சோறு துன்றான், தூங்கறான், செல்லுல படம் பாக்கறான். நல்லாத்தான் கீறான், நீ வுடு," என்றான்.

இங்கே நம்மைக் கலா என்பார்கள். கூப்பிடுகிறவன் வாயைப் பொறுத்து அது பெயராகவும் இருக்கும், வசவாகவும் இருக்கும். அங்கே போனால் பர்மா. குமரேசா, ஒரு ஊருக்காவது உன்னைச் சொந்தக்காரன் ஆக்க நினைத்தேன். இரண்டு ஊருக்கும் அந்நியன் ஆக்கிவிட்டேன்.

7

இப்போது ஐந்தாவது ஆட்சி. மறுபடியும் உடுப்பைக் கழற்றுகிறார்கள். மறுபடியும் முதலமைச்சர், அமைச்சர்கள், கைலி. மறுபடியும் தலைப்பாகை.

புதன்கிழமை மத்தியானம் கடை வாசலில் வண்டி நின்றது. நம் மாநிலத்துப் பாதுகாப்புத் துறை நாற்காலியில் இருந்த கர்னல். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் வேலையே அவர் கையில்தான் இருந்தது. அவர் முகம் தெரியாத அப்பன் இந்த ஊரில் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் தலை அளவு எடுக்காத அந்த நாற்காலி அன்றைக்கு நடந்து என் கடைக்குள் வந்தது. உடுப்பைக் கழற்றிவிட்டு வேறு துறைக்கு மந்திரியாகப் போகிறவர், சாதாரணச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் கோடு. வள்ளி மூலையில் உட்கார்ந்து முனை தைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக் காலையில் பதவியேற்பு. தலைப்பாகை வேண்டும்."

"மூன்று நாள் ஆகும் ஐயா. சட்டம் கட்டணும், பட்டுக்குக் கஞ்சி போட்டுக் காயணும்."

"நாளைக் காலையில்," என்றார்.

கடோ சொன்னேன். நாடாவைச் சுற்றினேன். இருபத்திரண்டரை. அட்டை வந்தபோது குமரேசனுக்கு எடுத்த அளவும் அதுதான். அதற்குள் அவர் கண் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது.

"அது என்ன? அதைக் கொடு."

கொடுத்தேன். குமரேசா, உன்னுடையதைத்தான் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணாடி முன் நின்று வைத்துப் பார்த்தார். கோடு மறைந்தது. அவருக்கே தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"யாருடையது?"

"ஆர்டர் ஐயா. வாங்க வரவில்லை."

"மாப்பிள்ளைப் பையனுக்குத் தைத்தது மாதிரி இருக்கு." கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தார். "உன் மகனுக்கா?"

நாடா என் கையில் இருந்தது. இரண்டு ஆட்சியில், இப்படி நாடாவோடு நிற்கும்போது என் வாய் தானாகக் கேட்டிருக்கிறது. இப்போதும் நாக்கு நுனிவரை வந்தது. ஐயா, என் மகன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அவன் வீட்டுக்கு வரட்டும் என்று கேட்டுவிடலாமா? நாளைக்கு மந்திரி ஆகப்போகிற மனிதன், நல்ல நாளும் அதுவுமாக ஒரு நல்லது செய்துவிட மாட்டானா? கேட்டால் செய்வாரா, இல்லை அந்த "வெளியூர்" என்ற சொல்லை எடுத்துப் பார்ப்பாரா? வள்ளியின் ஊசி நின்றுவிட்டது. அவள் நிமிரவில்லை.

"எனக்கு மகன் இல்லை ஐயா," என்றேன். "இந்த ஒரு பெண்தான்."

"கொடுத்து வைத்தவன் நீ, கலா. மகன் இருக்கிற அப்பன்கள் எல்லாம் என் வாசலில்தான் நிற்கிறார்கள்." தலைப்பாகையைக் கழற்றாமலே வண்டியில் ஏறிப் போனார்.

உங்கள் அம்மா உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வெளியே வந்தாள். அழவில்லை.

"புள்ளையே இல்லன்னு சொன்ன வாயக் கழுவிட்டு வாங்க," என்றாள். "சோறு போடறேன்."

கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். சாப்பிட முடிந்தது.

8

மறுநாள் பதவியேற்பை டிவியில் காட்டினார்கள். புதிய அமைச்சரவை வரிசையாக நின்றது. தலைப்பாகைகள் முக்கால்வாசி தலைநகரத்திலிருந்து வந்தவை, ஒரே அச்சில் போட்டவை. இடது ஓரத்திலிருந்து மூன்றாவது மட்டும் வேறு மாதிரி இருந்தது. வள்ளி இரண்டு வருஷமாக நான் தமிழில் என்ன கேட்டாலும் பர்மியத்தில்தான் பதில் சொல்வாள். அன்றைக்கு டிவிக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து, "அப்பா, இது அண்ணனோடது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் குனிந்து கும்பிட்டார். விழுமா என்று பார்த்தேன். விழட்டும் என்றுதான் பார்த்தேன், மறைப்பானேன்? விழவில்லை. அளவு அவ்வளவு சரியாக இருந்தது.

பொய் சொன்ன வலிகூடப் பெரிதில்லை பிள்ளைகளே. பயம்தான் பெரிது. அந்தப் பீரோவில் இருக்கும் மனுக்கள் எல்லாவற்றிலும் "மேற்படியான் என்னுடைய ஒரே மகன்" என்று என் கையெழுத்தோடு இருக்கிறது. யாராவது படிக்க மாட்டார்களா என்று இத்தனை ஆட்சியாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஒருவரும் படிக்கக் கூடாது என்று இப்போது காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். ஸ்டூடியோ போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து அம்மாவின் சேலைக்கு நடுவில் வைத்தாயிற்று. சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிகிறது. அதன்மேல் காலண்டர் மாட்டியிருக்கிறேன்.

குமரேசா, கடோ. இந்தச் சொல்லை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நேற்று இளமஞ்சள் பட்டு வாங்கி வைத்தேன். புதிதாக ஒன்று தைக்கப் போகிறேன். உனக்கு இப்போது முடி அடர்ந்திருக்கும், ஆரணி வெயிலில் முகமும் கொஞ்சம் மாறியிருக்கும். சித்தப்பாவிடம் நாடா இருக்கும். காதுக்கு ஒரு விரல் மேலே வைத்து, இறுக்காமல் அளந்து, எண்ணை மட்டும் சொல்லி அனுப்பு.

நோட்டில் எழுதிக்கொள்கிறேன். பெயர் எழுத மாட்டேன்.